பாலத்தடி ஆறு

ஓடும் தண்ணீரில் நிற்கிற மீன், ஓட்டம் வரும் திசைக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். அப்படி நின்றால் செவுளுக்குள் தண்ணீர் தானாகப் புகும். இரையும் தேடாமல் வந்து சேரும். கனடாவின் மலையாற்று டிரவுட்டுக்கும் இதுதான் வழக்கம், யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தின் மதகடியில் நிற்கும் கொடுவாவுக்கும் இதுதான் வழக்கம். தூண்டிற்காரர் படிக்கவேண்டிய முதற்பாடம் இது. இரண்டாவது பாடம், நாம் மீனைக் காணுமுன் மீன் நம்மைக் கண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. இரண்டையும் எனக்கு ஒருமுறை கல்கரியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொல்லித்தந்தார். மறுமுறை சொல்லித்தந்தவர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர் ஒருவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். விழுகிற மழையை உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுக்க அதற்குத் தெரியும், மேலே ஓடவிடத் தெரியாது. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலுக்குப் போகும் வழுக்கையாறு, மாரி மழை கொட்டும் கார்த்திகை மார்கழியில் ஆறாக இருக்கும். தை கழிந்தபின் போனால் வயலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஊர்க்காரர் யாராவது கூடவர வேண்டும். தொண்டைமானாறு, உப்பாறு என்றெல்லாம் பெயர் இருக்கிறதே என்றால், அவை நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்நீரேரிகள்.

ஆனால் குடாநாட்டில் ஓடும் தண்ணீர் உண்டு. யாழ்ப்பாண நீரேரி 400 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். கடல் பெருகும்போது பாக்குநீரிணைப் பக்கமிருந்து தண்ணீர் உள்ளே ஏறும், வற்றும்போது வெளியே இழுக்கும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் உயர வித்தியாசம் இரண்டடிதான் என்றாலும் பரப்பு பெரியது. அவ்வளவு தண்ணீரும், தீவுகளுக்குப் போடப்பட்ட தெருக்களின் குறுக்கே விட்ட சில வாய்களால்தான் போய்வர வேண்டும். பண்ணையில், பொன்னாலையில், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தண்ணீர் தூணில் மோதிப் பிளக்கிறது, சுழிக்கிறது, தூணுக்குப் பின்னால் சற்று ஓய்கிறது. ஓய்கிற தண்ணீருக்கும் விரைகிற தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். உலகத்தில் எந்த ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகியவரும் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார். ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் இந்த ஆறு ஒரு பக்கம் ஓடும், பிறகு மறுபக்கம்.

கல்கரி நகரத்துக்கு நடுவே ஓடும் போ ஆறு, ரொக்கி மலையின் பனியில் பிறந்து பான்ஃப் வழியாக வருவது. டிரவுட் பிடிக்க அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் அங்கே வருகிறார்கள். அவர்கள் தேடிவரும் பிரவுண் டிரவுட் அந்த ஆற்றுக்குச் சொந்தமானதே இல்லை. 1925இல் மீன்குஞ்சு ஏற்றிப்போன லொறியொன்று பான்ஃப் பக்கத்தில் பழுதாகி நின்றதாம். குஞ்சுகள் சாகப்போகின்றனவே என்று பக்கத்திலிருந்த ஓடையில் கொட்டிவிட்டார்களாம். அங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு இது. ரெயின்போ டிரவுட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான். எங்கள் சனம் அந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த கதைக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இலங்கையிலும் டிரவுட் உண்டு, வந்தேறியாகவே. 1880களில் பிரித்தானியர் நுவரெலியா மலைக்கு முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ டிரவுட் நிலைத்துவிட்டது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கமும் அதே கதை. துரைமாருக்கு ஊர் நினைவு வந்தபோது மீனையே வரவழைத்தார்கள். நான் யாழ்ப்பாணத்துக்கு எதையும் வரவழைக்கப் போகவில்லை. கல்கரிக் கோலையும் இறகுகள் அடங்கிய ஒரு டப்பாவையும் மட்டும் கொண்டுபோனேன்.

ஃபிளைத் தூண்டில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் இரைக்குப் பாரம் இல்லை. முள்ளில் சுற்றிய கொஞ்சம் மயிரும் இறகும்தான் இரை, அதை ஊதினாலே பறக்கும். அதனால் பாரத்தை நூலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தடித்த நூலைத் தலைக்கு மேலே பின்னும் முன்னும் வீசி விரிக்கும்போது, நுனியில் கட்டிய பொய்ப்பூச்சி அதன் பின்னால் போய்த் தண்ணீரில் மெல்ல இறங்கும். இது இங்கிலாந்துப் பிரபுக்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். கி.பி. 200ஐ ஒட்டி ரோமில் வாழ்ந்த ஏலியன், மக்கெடோனியாவின் ஆறொன்றில் சனங்கள் முள்ளிலே சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடைக்கடியில் வளரும் இரண்டு இறகைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். ஆற்றங்கரைச் சனத்தின் வயிற்றுப்பாட்டில் பிறந்த தொழில் அது. பிரபுக்கள் கையில் போனது பிறகு.

நான் போனது பங்குனியில். வாடைக்காற்று அடங்கி, சோளகம் இன்னும் எழும்பாத இடைக்காலம். வைகாசியில் சோளகம் தொடங்கிவிட்டால் நீரேரி கலங்கிவிடும், வீசுகிற நூல் காதைச் சுற்றும். பங்குனியில் தண்ணீர் கண்ணாடி. தரையிலே சாதாளைப் புல் அசைவதும் நண்டு பக்கவாட்டில் நகர்வதும் பாலத்தின்மேல் நின்றே தெரியும். தூண்டிற்காரருக்கு இது நல்ல செய்தியா என்றால், பாதி நல்ல செய்தி. எங்களுக்கு மீன் தெரிகிற தண்ணீரில் மீனுக்கு நாங்களும் தெரிகிறோம்.

விடிய முன்னமே மருமகனின் மோட்டார்சைக்கிளில் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோட்டையின் சுவர் இருட்டாக நின்றது. பாலத்தில் ஏற்கெனவே ஆட்கள். கோல் வைத்திருந்தவர்கள் இளைஞர்கள், கடையில் வாங்கிய ரீல். மற்றவர்கள் கைத்தூண்டில். தங்கூசி நூலைப் பிளாஸ்ரிக் போத்தலிலோ மரக்கட்டையிலோ சுற்றி வைத்திருப்பார்கள். தெருவுக்கு இரண்டு பக்கமும் நீரேரிக்குள் வரிவரியாகத் தடிகள் நட்டிருப்பது விடிய விடியத் தெரிந்தது. அவை சிறகுவலைகள். மாட்டைப் படலைவழி வளவுக்குள் சாய்ப்பதுபோல, தடிகளில் கட்டிய வலை மீனையும் இறாலையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கடைசி அறைக்குள் விட்டுவிடும். யார் எங்கே தடி நடுவது என்பதற்கு ஊர்ச் சங்கங்களில் முறை இருக்கிறது. அந்த முறையில் சண்டையும் இருக்கிறது.

பாஷையூர்க்காரர் தெருவோரச் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். வலது சுட்டுவிரலின் முதல் மடிப்பில் நூல் ஓடியோடி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் ஓட்டை போட்ட தகரவாளி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கியபடி. உள்ளே உயிர் இறால். அவருடைய பேரன் சாதாளைக்குள் அத்தாங்கு வலை போட்டு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டானாம்.

இறால் குத்துகிற விதத்தை மட்டும் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தேன். தலையில் இருக்கும் வாள் போன்ற கொம்புக்கு அடியில் ஓடு கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு கறுத்தப் பொட்டுத் தெரியும். அந்தப் பொட்டில் முள் பட்டால் இறால் அப்போதே செத்துவிடும். பொட்டுக்கு முன்னால், கொம்பின் அடி ஓட்டில் மட்டும் முள்ளைக் குறுக்கே ஏற்றி வெளியே எடுத்தார். இறால் ஒன்றும் நடக்காததுபோல் கால்களை அடித்துக்கொண்டிருந்தது. ஈயம் கட்டவில்லை. தூணுக்கு மேலோட்டத்தில் போட்டு, நூலைத் தளர விட்டார். இறால் ஓட்டத்தோடு போய்த் தூணைச் சுற்றி, அந்தக் கோட்டுக்கு வந்தது. நூல் விரலில் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"தம்பி, உங்கட நிழல் தண்ணியிலை விழுகுது. அங்காலை வாங்கோ," என்றார் என்னைப் பாராமலே.

சூரியன் எனக்குப் பின்னால் எழும்பியிருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுக்க ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கிவிடும். ஒளி முறிவின் கணக்கு அது, சன்னலின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. மீன் இரண்டடி ஆழத்தில் நின்றால் மேற்பரப்பில் அந்த வட்டம் நாலரை அடி அகலம். அதற்கு அப்பால் மேற்பரப்பு அடித்தரையைத்தான் காட்டும். தூரத்தில் குனிந்து நிற்பவர் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிய கோடாகத் தெரிவார், கிட்ட நின்று நிமிர்பவர் முழு ஆளாகத் தெரிவார். ஆனால் நிழலுக்குச் சன்னல் கணக்குக் கிடையாது. அது நேரே அடித்தரையில் விழுந்து நகரும். வானத்தில் பருந்தும் கரையில் நாரையும் இருக்கிற நீரேரியில், நகருகிற நிழலுக்கு நின்று யோசித்த மீன் எதுவும் குஞ்சு பொரிக்க மிஞ்சியிருக்காது. பாஷையூர்க்காரர் ஒளிமுறிவு படித்தவர் இல்லை. ஆனால் அவர் குந்தியிருந்த இடம் சுவரின் நிழலுக்குள் இருந்தது. அவருடைய சேட்டு மங்கிய சாம்பல் நிறம். நூலை எடுத்தபோதும் போட்டபோதும் கை தோளுக்கு மேலே போகவில்லை.

"வத்து திரும்புற நேரம். இனி அரை மணித்தியாலம் ஒண்டும் நடவாது. பிறகு வருவார்."

வருவார் என்றது கொடுவாவை. மணலையையும் ஓராவையும் அவர் அது என்றுதான் சொன்னார். கொடுவாவுக்கு மட்டும் மரியாதை. பொருத்தமான மரியாதைதான். கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். முட்டையிட உப்புக் கடல்வாயை நாடும், குஞ்சுகள் நீரேரிக்கும் நன்னீருக்கும் ஏறிவந்து வளரும். இருட்டில் ரோச் லைற் பட்டால் கண் சிவப்பாக ஒளிரும். அந்தக் கண்ணால் மங்கிய வெளிச்சத்தில் இறாலையும் பார்க்கும், தடித்த நூலையும் பார்க்கும். ஆகவே இரவில் தூண்டில் போடுகிறவர்கள் தண்ணீரில் வெளிச்சம் அடிப்பவனை நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

வற்று நின்ற இடைவெளியில் என் டப்பாவைத் திறந்து காட்டினேன். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பொப் கிளவுசர் 1980களில் கட்டிய மாதிரியில் செய்த பொய்மீன் ஒன்று. மான்வால் மயிர், இரண்டு சிறு ஈயக் கண்கள், நடுவில் மினுங்கும் இழை. கடல் ஃபிளைக்காரர் உலகமெங்கும் கொண்டுதிரிகிற மாதிரி அது.

"உதுக்கு மீன் ஏமாறுமோ?"

"அங்கை ஏமாறுது, அண்ணை."

"பிடிச்சு என்ன செய்வியள்?"

"அந்த ஆத்திலை பிடிச்சாத் திருப்பி விட்டுடுவம்."

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. "விடுறதெண்டால் பிறகென்னத்துக்கு அதை வெருட்டுறியள்?"

இந்தக் கேள்விக்குக் கல்கரியில் பல பதில்கள் வைத்திருந்தேன். மீன்வளம் காப்பது, அடுத்தவருக்கு மிச்சம் வைப்பது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் சொன்ன வெருட்டல்தான் போ ஆற்றின் டிரவுட்டை இவ்வளவு கூச்சமுள்ளதாக ஆக்கியது என்பதும் உண்மை. ஒரே மீனைக் கோடை முழுக்கப் பிடித்து விட, பிடித்து விட, பொய்ப்பூச்சி பக்கத்து நுரையைவிட ஒரு விரற்கடை வேகமாக நகர்ந்தாலே அது திரும்பிவிடுகிறது. பயணக்காரர் காசு கட்டி வந்து, நாங்களே பழக்கிய பயத்தோடு போட்டியிட்டுவிட்டுப் போகிறார்கள். நீரேரி மீனின் பயம் வேறு. அது நாரையும் வலையும் பழக்கிய பயம், தப்பினால் மறுமுறை இல்லை.

பகலில் அல்லைப்பிட்டிப் பக்கம் போனோம். மண்டைதீவுச் சந்தி தாண்டினால் தெருவின் இருபுறமும் முழங்காலளவு தண்ணீர் நீண்டு கிடக்கும், இடையிடையே கண்ணாப் பற்றை. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கிவைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அப்போது எழும்பிப் போய்விடும், மிதித்தால் வால்முள் குத்தும். மருமகன் கரையில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி திசை சொன்னான்.

"மாமா, உங்கை ஒரு கூட்டம் வருது. உங்களுக்கு இடப்பக்கம்."

திரளிக் கூட்டம். முதுகுகள் மேலே தெரிய, வாயால் மேற்பரப்பை உறிஞ்சிக்கொண்டு வந்தன. இவற்றைப் பொய்ப்பூச்சியில் பிடிப்பது கடினம் என்பதை எந்த நாட்டு ஃபிளைக்காரரும் ஒப்புவார். திரளி பூச்சி துரத்துவதில்லை. பாசியையும் சேற்றிலுள்ள நுண்துகளையும் தின்று வாழ்கிறது. நூல் நிழல் விழுந்ததும் கூட்டம் ஒரே உடலாகத் திரும்பியது. பின்வரிசையில் இரண்டு மூன்று தண்ணீரைவிட்டு எழும்பிப் பாய்ந்தன. வலையின் மேல்விளிம்பையே தாண்டிப் பாய்கிற மீன் அது. பிடிக்க நினைத்ததை விட்டு, பாய்வதைப் பார்த்து நின்றதுதான் கொஞ்சநேரம் நடந்தது.

பாரைக்குட்டி வேறு இனம். யோசிக்கவே யோசிக்காது. கிளவுசரை மணலில் இரண்டு முறை துள்ளவிட்டதும் எங்கிருந்தோ வந்து அடித்தது. உள்ளங்கையளவு மீன், ஆனால் நூல் கையை அறுத்தது. அடுத்தது சீலா. அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நூல்நுனி கத்தரித்த மாதிரி நின்றது, மான்வால் மயிர் அதன் வாயில் போய்விட்டது.

தொண்டைமானாற்றுக்கு வேறொரு நாள் போனேன், தூண்டிலைவிடப் பார்க்க வேண்டியது அங்கே இருந்ததால். செல்வச்சந்நிதி முருகன் கோயில் நீரேரியின் கரையிலேயே இருக்கிறது. அங்கே பூசையைத் தொடக்கியவர் மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமர் என்பது கோயில் மரபு. பூசகர்கள் இன்றும் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்கிறார்கள். கோயிலில் இருந்து சிறிது தூரத்தில், நீரேரி கடலைச் சந்திக்கும் வாயில், கதவுகள் பூட்டிய அணை.

இந்தக் கதவுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்தின் மிக நீண்ட கனவு ஒன்று இருக்கிறது. ஆறில்லாத நாட்டுக்கு ஆறு செய்வது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் அதை முழுத்திட்டமாக முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைநீரை ஆனையிறவு நீரேரியில் தேக்க வேண்டும். உப்புநீர் புகாமல் ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் அடைக்க வேண்டும். நன்னீரானதும் முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து உப்பாறு வரை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் போட்டுக் கடலைத் தடுத்தால், நாளடைவில் உப்பு கழுவப்பட்டுக் கிணறுகள் இனிக்கும். பகுதி பகுதியாக வேலை நடந்தது, முழுதாக முடியவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு பேச்சுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் இந்தத் திட்டத்தையும் யாராவது எடுத்து மேசையில் வைப்பார்கள்.

கிணறு உவர்த்த வீட்டில் வளர்ந்தவன் நான், இந்தக் கனவை இளப்பமாகப் பேச மாட்டேன். வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரரின் கணக்கு நியாயமானது. ஆனால் கதவு மூடியிருக்கும் நாளில் அணைக்கு உள்ளே தண்ணீர் நின்றுவிடுகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சும் திரளிக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் ஓட்டத்தோடு உள்ளே ஏறிவந்துதான் வளர்கின்றன. அவற்றுக்கு ஓட்டமே வழி. தீவுப் பாலங்களில் வாய்கள் சுருங்கிப் போனதும் இதே கேடுதான், ஆனால் அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தெரு போடும்போது மதகுச் செலவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே வண்டல் படிய, சாதாளை அழுக, மீன் வரத்தும் குறைய, குருநகரில் தொழில் செய்பவர்கள் இன்னும் கூடுதலாக வலை போட்டார்கள். கதவைத் திறப்பது எந்த மாதம், எத்தனை நாள் என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் கமக்காரரோடு கடற்றொழிலாளரும் இருந்தால் இரண்டு கணக்கையும் ஓரளவு ஒப்பேற்றலாம் என்று நினைக்கிறேன். மாரி வெள்ளத்தைக் கடலுக்கு விடும் நாட்களும் குஞ்சு ஏறும் நாட்களும் பெரிய தூரத்தில் இல்லை.

சங்குப்பிட்டிக்கும் போனேன். 2011 ஜனவரியில் திறந்த 288 மீற்றர்ப் பாலம், பூநகரியைக் குடாநாட்டோடு இணைக்கிறது. கீழே ஓட்டம் பலம். ஆனால் அங்கே நின்று கிழக்கே பார்த்தபோது தூண்டில் போட மனம் வரவில்லை. அந்தப் பக்கம்தான் கிளாலி. போரால் ஆனையிறவு வழி மூடியிருந்த 90களின் முற்பகுதியில் சனம் இரவில் வள்ளமேறி நீரேரியைக் கடந்த இடம். கடக்கும்போது சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். பிறகும் போர் முடியும்வரை நீரேரியில் இறங்கத் தடை, நேரக்கட்டுப்பாடு, அனுமதி அட்டை என்று ஆண்டுகள் போயின. பாஷையூர்க்காரரிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். "அப்ப மீன் நல்லாப் பெருத்துது," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பறுவத்துக்கு முதல்நாள் பின்னேரம் மறுபடி பண்ணை. பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டி ஓட்டம் கூடும். வற்று இறங்கும் நேரம் இருட்டோடு சேர்ந்தால் இறால் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு இழுபடும். சிறகுவலைக்காரர் காத்திருப்பதும் அதற்குத்தான், கொடுவா தூணடியில் காத்திருப்பதும் அதற்குத்தான். நான் இறால் மாதிரிக் கட்டிய மெலிந்த ஃபிளை ஒன்றைப் போட்டு, கடல் முறைப்படி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பாஷையூர்க்காரர் தன் நூலைப் பிடித்தபடி நாலைந்து வீச்சுவரை பொறுத்தார்.

"றால் ஓட்டத்தை எதிர்த்து உப்பிடி நீந்தாது, தம்பி. அங்காலை மேலை போடுங்கோ. சும்மா விடுங்கோ. அது தன்பாட்டிலை வரட்டும்."

டிரவுட்காரர்கள் இதற்குப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். நூல் இரையை இழுக்காமல், இரை தண்ணீரின் வேகத்திலேயே மிதந்துவர வேண்டும். ஓட்டம் நூலை வளைத்தால் கோல்நுனியால் நூலை மெல்லத் தூக்கி மேலோட்டத்துக்கு மாற்றிப்போட வேண்டும். போ ஆற்றில் வருடக்கணக்காகச் செய்த வேலை. உப்புத்தண்ணீர் என்றதும் கை வேறு பழக்கத்துக்குப் போயிருந்தது. தூணுக்கு மேலே போட்டேன். நூலை ஒருமுறை தூக்கி மாற்றினேன். அந்தக் கோட்டில் ஃபிளை எங்கே என்று இருட்டில் தெரியவில்லை. நூல் நின்றது. சாதாளை என்று நினைத்துக் கோலை உயர்த்தினேன். சாதாளை தலையை ஆட்டியது.

கொடுவா ஓட்டத்தோடு ஓடாமல் தூணைச் சுற்றப் பார்த்தது. தூணில் சிப்பி ஒட்டியிருக்கும், நூல் பட்டால் அறுந்துவிடும். பாஷையூர்க்காரர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு எழும்பி வந்து, "விடாதையுங்கோ, விடாதையுங்கோ, இஞ்சாலை சாயுங்கோ" என்று என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். இரண்டு கிலோ மதிக்கலாம். சுவருக்கு மேலே ஏற்ற வலை இல்லை. மருமகன் கீழே கல்லில் இறங்கிச் செவுளில் கைவிட்டுத் தூக்கினான். திருப்பி விடுவதா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. பாஷையூர்க்காரர் ஃபிளையைக் கழற்றி, ரோச்சை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இறகு சப்பை சப்பையாகக் கிடந்தது. அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், பேரனுக்குக் காட்டவாம். மீனின் தலையை அவருக்கும் உடலை எங்களுக்கும் என்று பிரித்தது மருமகன்தான். கொடுவாத் தலையை யார் விட்டுக்கொடுப்பார் என்று அக்கா அடுத்தநாள் காலைவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை காற்றுக் குறைவு, தண்ணீர் தெளிவு. ஆடி ஆவணியில் ஃபிளைக் கோல் கொண்டுபோய் மனம் நோக வேண்டாம். பறுவம், அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பாருங்கள். டிரவுட் கோல் போதாது, 8ஆம் எண் கோல் வேண்டும். உப்பு ரீலைத் தின்னும், இரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காலுக்குச் சப்பாத்து, தலைக்குத் தொப்பி, மங்கிய நிறச் சேட்டு. கடற்படை முகாம் இருக்கும் கரைகளில் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிறகுவலைத் தடிகளுக்குள் நூலை வீசாதீர்கள், அது ஒருவருடைய வீட்டு வருமானம். பொன்னாலைப் பாலத்தில் பின்னேர ஓட்டம் நல்லதென்று பலர் சொன்னார்கள், நான் போன அன்று பாரை மட்டும் வந்தது. உயிர் இறால் வேண்டுமென்றால் பண்ணையில் விடிய முன்னம் அத்தாங்கோடு நிற்கும் பொடியன்களிடம் கேளுங்கள், விலை பேசித்தான் தருவார்கள். மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் பாலத்தில் நிற்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், பிறகு சட்டியோடு பக்கத்தில் வந்து நிற்பார்கள்.